மேலவைக்கு வந்த மருத்துவர்: யூட்டா, 1896

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலில் ‘செனட்’ என்னும் சொல் இரு வேறு அவைகளைக் குறிக்கும். தலைநகர் வாஷிங்டனில் கூடும் நாட்டு மேலவை ஒன்று. மாநிலங்கள் தத்தமக்கென அமைத்துக்கொண்ட சட்டமன்றங்களின் மேலவை மற்றொன்று. முன்னதன் புகழ் பின்னதற்கு இல்லை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிக்கூடம், கடைத்தெரு, குடிநீர், பேறுகாலம், தொற்றுநோய் என மக்களின் அன்றாட வாழ்வைத் தொட்ட சட்டங்கள் பெரும்பாலும் மாநில அவைகளிலேயே பிறந்தன. அத்தகைய மேலவை ஒன்றுக்கு அமெரிக்காவில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண், யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் மார்த்தா ஹியூஸ் கேனன் ஆவார். 1896ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் நடந்த அத்தேர்தலில் தோற்றவர்களுள் அவருடைய கணவரும் ஒருவர் என்பதால், கணவனை வென்ற மனைவி என்னும் ஒரே வரியில் அவர் கதையை அடக்கிவிடும் வழக்கம் அன்றைய நாளேடுகளிலேயே தொடங்கி இன்றுவரை நீடிக்கிறது. அந்த வரி உண்மைக்குப் புறம்பானதன்று. ஆனால் அவர் எங்கிருந்து வந்தார், எதற்காக நின்றார், அவைக்குள் சென்று எதைச் சட்டமாக்கினார் என்னும் மூன்று கேள்விகளையும் அது மறைத்துவிடுகிறது.

மார்த்தா 1857ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் வடகரையில் உள்ள லாண்டுட்னோ என்னும் ஊருக்கருகே பிறந்தார். பெற்றோர் பீட்டர் ஹியூஸ், எலிசபெத் ஆகியோர் பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்தவர்கள். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தோன்றிய இச்சபையைப் பிறர் மார்மன் சபை என்று அழைத்தனர். நடுமேற்கு மாநிலங்களிலிருந்து விரட்டப்பட்ட இச்சபையினர் 1847 முதல் ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே, உப்பேரியின் கரையில் குடியேறி, ஐரோப்பாவில் தம் சபையைத் தழுவியவர்களையும் அங்கே வரவழைத்துக்கொண்டிருந்தனர். அந்த அழைப்பை ஏற்று 1860இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த ஹியூஸ் குடும்பம், மறு ஆண்டு சமவெளிகளைத் தாண்டி மேற்கே நடந்தது. வழியில் மார்த்தாவின் கைக்குழந்தைத் தங்கை இறந்தாள்; நோயாளியாகவே பயணம் செய்த தந்தை, சால்ட் லேக் சிட்டியை அடைந்த சில நாள்களுக்குள் காலமானார். நான்கு வயதுக் குழந்தை இரண்டு சாவுகளைக் கண்டதே பிற்காலத்தில் மருத்துவராகக் காரணம் என்று கூறுவது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்கு எளிதாக வரும் முடிவு. அதை உறுதியாகச் சொல்லச் சான்று போதாது. எனினும் மருத்துவ வசதி எட்டாத தொலைவில் வாழ்வது எத்தகையது என்பதை அவர் நூல்களிலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை என்பது தெளிவு.

தாய் மறுமணம் செய்துகொண்ட பிறகு மாற்றாந்தந்தையின் வீட்டில் வளர்ந்த மார்த்தா, பதின்பருவத்திலேயே சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராகவும் வேலை செய்தார். எழுத்துக் கோத்தல் என்பது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து வரிவரியாக அடுக்கும் தொழில்; கண்ணும் விரலும் ஒருசேர விழித்திருக்க வேண்டிய வேலை அது. சபையின் நாளேடான டெசரெட் நியூஸிலும், மகளிருக்காக மகளிரே நடத்திய ‘உமன்ஸ் எக்ஸ்போனன்ட்’ இதழிலும் அவர் இத்தொழிலைச் செய்தார். 1872இல் தொடங்கப்பட்ட அவ்விதழ், பெண்களின் வாக்குரிமை, கல்வி, சம ஊதியம் ஆகியவற்றைத் தொடர்ந்து எழுதிவந்தது. ஆகவே பெண்ணுரிமைக் கருத்துகள் மேடைப் பேச்சாக அவர் காதுக்கு வருமுன்பே, எழுத்தெழுத்தாக அவர் விரல்களின் வழியே சென்றிருந்தன. கூலியைச் சேமித்து, அதே நகரின் டெசரெட் பல்கலைக்கழகத்தில் படித்து, 1878இல் வேதியியலில் பட்டம் பெற்றார்.

யூட்டாவில் பெண்கள் மருத்துவம் பயில்வது அக்காலத்தில் வியப்புக்குரிய செயலாக இருக்கவில்லை. சபைத் தலைவர் பிரிகாம் யங் 1873 முதலே பெண்களை மருத்துவக் கல்விக்கு ஊக்குவித்துவந்தார்; ரொமானியா பிராட், எல்லிஸ் ஷிப் ஆகிய இருவரும் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்று திரும்பியிருந்தனர். வெளி மருத்துவர்களை நம்பியிருக்க விரும்பாத ஒரு தனித்த சமூகத்தின் தேவையும், பேறுகாலத்தில் ஆண் மருத்துவரை அழைக்கத் தயங்கிய பெண்களின் நாணமும் சேர்ந்து, அமெரிக்காவின் பழைய நகரங்களில் அரிதாகவே திறந்த கதவை யூட்டாவில் திறந்துவிட்டன. மார்த்தா மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையில் சேர்ந்து, பாத்திரம் துலக்கியும் படுக்கை விரித்தும் செலவை ஈடுகட்டி, 1880 ஜூலை 1ஆம் நாள், தம் 23ஆவது பிறந்த நாளில் பட்டம் பெற்றார். அதோடு நில்லாமல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1882இல் மற்றொரு பட்டமும், ஃபிலடெல்ஃபியாவின் சொற்பொழிவுக் கல்லூரி ஒன்றில் பேச்சுக்கலைப் பயிற்சியும் பெற்றார். மருத்துவர் ஒருவர் பேச்சுக்கலையைத் தனியாகப் பயின்றது தற்செயலாகத் தோன்றவில்லை; நலவாழ்வு பற்றி மக்கள் கூட்டத்தின் முன் பேச வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு அப்போதே இருந்தது. 14 ஆண்டுகளுக்குப் பிறகு தேர்தல் மேடைக்கு அப்பயிற்சியே கைகொடுத்தது.

சால்ட் லேக் சிட்டி திரும்பிய அவர், சபையின் மகளிர் அமைப்பு 1882இல் தொடங்கிய டெசரெட் மருத்துவமனையில் உறைவிட மருத்துவரானார். மருத்துவமனை நிருவாகத்தோடு தொடர்புடையவரும், சால்ட் லேக் வட்டாரச் சபைத் தலைவருமான ஏங்கஸ் மன் கேனனை அங்கேதான் சந்தித்தார். லிவர்ப்பூலில் பிறந்த ஏங்கஸ், மார்த்தாவை விட 23 வயது மூத்தவர். ஏற்கெனவே மூன்று மனைவியர் உள்ளவர். 1884 அக்டோபரில் மார்த்தா அவருடைய நான்காம் மனைவியானார்.

இந்தத் திருமணத்தின் பொருளை விளங்கிக்கொள்ள அக்காலச் சட்டநிலையைச் சற்று விரித்துக் கூற வேண்டும். மார்மன் சபை ஓர் ஆண் பல பெண்களை மணப்பதைச் சமய நெறியாக 1852இல் வெளிப்படையாக அறிவித்தது. யூட்டா அப்போது மாநிலமாக இல்லை. ஆட்சிப்புலம் என்னும் நிலையில், அதாவது ஆளுநரை வாஷிங்டன் நியமிக்க, உள்ளூர் மன்றம் ஒன்று வரம்புக்குட்பட்டுச் சட்டமியற்றும் நிலையில் இருந்தது. ஆதலால் நாட்டு நாடாளுமன்றம் அதன் மீது நேரடியாகச் சட்டம் இயற்ற முடிந்தது. 1882ஆம் ஆண்டின் எட்மண்ட்ஸ் சட்டம், முறைப்படி திருமணம் நடந்ததை மெய்ப்பிக்க வேண்டிய தேவையையே நீக்கி, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு சேர்ந்து வாழ்வதையே ஆறு மாதச் சிறைக்கும் 300 டாலர் தண்டத்துக்கும் உரிய குற்றமாக்கியது. அப்படி வாழ்வோர் வாக்களிக்கவும் பதவி வகிக்கவும் கூடாது என்றும் விதித்தது. ஏங்கஸ் 1885இல் இச்சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். அவருடைய மேல்முறையீட்டை நாட்டின் உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டே தள்ளியது.

மார்த்தாவுக்கோ இரட்டை இடர் காத்திருந்தது. 1885 செப்டம்பரில் அவருக்குப் பிறந்த பெண் குழந்தை, கணவருக்கு எதிரான புதிய சான்றாகக்கூடும். அதைவிடப் பெரிய இடர் அவர் தொழிலிலிருந்து வந்தது. ஊரில் பல வீடுகளில் பேறு பார்த்தவர் அவர். எந்தக் குழந்தை எந்த வீட்டில், எந்தத் தாய்க்குப் பிறந்தது என்பதை அறிந்தவர். அரசுத் தரப்பு அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், அவர் வாயிலிருந்து வரும் உண்மை பல குடும்பங்களின் தந்தையரைச் சிறைக்கு அனுப்பும். மருத்துவர் காக்க வேண்டிய மறைபொருளும் குடிமகள் சொல்ல வேண்டிய சாட்சியமும் இப்படி நேருக்கு நேர் மோதிக்கொண்ட நிலையில், 1886இல் கைக்குழந்தையுடன் அவர் இங்கிலாந்துக்குச் சென்று, மறைவாகவும் தனிமையாகவும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அங்கும் ஐரோப்பாவின் பிற இடங்களிலும் கழித்தார். கணவருக்கும் தோழிக்கும் அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களில் நோய், பணமுடை, பொறாமை, கொள்கைப்பற்று ஆகியன ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. பலதார மணத்தை அவர் சமய நெறியாக ஏற்றார். அதன் வலியையும் ஒளிக்காமல் எழுதினார். இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை அடிமைப்பட்ட பெண்ணாகவோ, குறையேதும் அறியாத விசுவாசியாகவோ சித்திரிப்பவர்கள் அக்கடிதங்களுக்கு நீதி செய்யவில்லை. நாடு திரும்பிய பின் அவர் சால்ட் லேக் சிட்டியில் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். 1890இல் மகன் பிறந்த பின் சில காலம் கலிஃபோர்னியாவிலும் வாழ்ந்தார்.

பெண் ஒருவர் யூட்டாவில் வேட்பாளராக முடிந்ததற்கு முன்வரலாறு ஒன்று உண்டு. அது மேற்சொன்ன திருமணச் சிக்கலோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. 1870 பிப்ரவரி 12ஆம் நாள் யூட்டா ஆட்சிப்புலம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. வயோமிங் ஆட்சிப்புலம் இரண்டு மாதங்களுக்கு முன்பே அவ்வுரிமையை அளித்திருந்த போதிலும், இரண்டு நாள் கழித்து நடந்த நகராட்சித் தேர்தலில் வாக்களித்ததால், புதிய உரிமையை முதலில் கையாண்டவர்கள் யூட்டாவின் பெண்களே. கிழக்கு மாநிலங்களின் சீர்திருத்தவாதிகள், வாக்கு கிடைத்தால் மார்மன் பெண்கள் பலதார மணத்தை ஒழித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தனர். சபைத் தலைவர்களோ, தம் பெண்கள் அடிமைகள் அல்லர் என்பதை உலகுக்குக் காட்ட அது உதவும் என்று கருதினர். பெண்கள் சபைக்கு எதிராக வாக்களிக்காததைக் கண்ட நாடாளுமன்றம், 1887இல் இயற்றிய எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டத்தால் யூட்டாவின் பெண்கள் அனைவரிடமிருந்தும், எந்தச் சபையினர் என்று பாராமல், வாக்கைப் பறித்தது. பதினேழு ஆண்டுகள் வாக்களித்தவர்கள் ஒரே சட்டத்தால் அவ்வுரிமையை இழந்தார்கள். எதிர்பார்த்தபடி வாக்களிக்கவில்லை என்பதற்காக ஒரு பகுதியினரின் வாக்கையே பறிப்பது, அவ்வாக்கு தொடக்கத்திலேயே உரிமையாகக் கருதப்படவில்லை என்பதற்குச் சான்று. இதை அன்றைய பெண்கள் நன்றாகவே புரிந்துகொண்டு, மாவட்டந்தோறும் சங்கம் அமைத்து மீட்புக்கு உழைத்தனர்.

1890இல் சபைத் தலைவர் வில்ஃபோர்டு உட்ரஃப் புதிய பலதார மணங்களைக் கைவிடுமாறு அறிக்கை விடுத்தார். அதன் பின் குடியரசுத் தலைவர் ஹாரிசன் 1893இலும், கிளீவ்லாந்து 1894இலும் பொது மன்னிப்பு வழங்கினர். ஏங்கஸ் கேனன் போன்றவர்கள் வேட்பாளராக நிற்க முடிந்தது இவற்றுக்குப் பின்னரே. 1895இல் மாநில அரசியலமைப்பை வரைய மாநாடு கூடியபோது, பெண் வாக்குரிமையே அதில் நீண்ட விவாதத்தை எழுப்பியது. சபையின் தலைவர்களுள் ஒருவரும் ஜனநாயகக் கட்சியினருமான பி. எச். ராபர்ட்ஸ், அவ்வுரிமையைச் சேர்த்தால் மாநிலத் தகுதியே கிடைக்காமல் போகும் என்று வாதிட்டு எதிர்த்தார். கவிஞரும் சபைப் பெரியவருமான ஆர்சன் விட்னி ஆதரித்தார். இறுதியில், வாக்களிக்கும் உரிமையோடு பதவி வகிக்கும் உரிமையும் பால் காரணமாக மறுக்கப்படலாகாது என்னும் விதி நிறைவேறியது. பதவி வகித்தல் என்னும் அந்த இரண்டாம் பகுதி இல்லாதிருந்தால் மார்த்தாவின் வேட்புமனுவுக்கு இடமே இருந்திராது. 1896 ஜனவரி 4ஆம் நாள் யூட்டா 45ஆவது மாநிலமாயிற்று. அண்டை மாநிலமான கொலராடோ 1894இலேயே மூன்று பெண்களைத் தன் கீழவைக்குத் தேர்ந்தெடுத்திருந்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். மார்த்தாவின் முதன்மை மாநில மேலவையைப் பொறுத்ததே.

1896ஆம் ஆண்டுத் தேர்தல் களம் விசித்திரமானது. அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்புவரை யூட்டாவின் கட்சிகள் சமயத்தை ஒட்டியவை; மார்மன்களின் மக்கள் கட்சி ஒருபுறம், பிறரின் லிபரல் கட்சி மறுபுறம். மாநிலத் தகுதி வேண்டுமானால் இந்தப் பிளவு மறைய வேண்டும் என்பதால், மக்கள் கட்சி 1891இலும் லிபரல் கட்சி 1893இலும் கலைக்கப்பட்டன; சபையினர் நாட்டுக் கட்சிகள் இரண்டிலுமாகப் பிரிந்து சேர்ந்தனர். ஒரே குடும்பத்தில் ஒருவர் குடியரசுக் கட்சியிலும் மற்றவர் ஜனநாயகக் கட்சியிலும் இருப்பது இதனால் இயல்பாயிற்று. ஏங்கஸ் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார், மார்த்தா ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். சால்ட் லேக் கவுண்டிக்கு, அதாவது அம்மாவட்டத்துக்கு, மாநில மேலவையில் ஐந்து இடங்கள் இருந்தன. அவ்வைந்தும் தொகுதிகளாகப் பிரிக்கப்படாமல் மாவட்டம் முழுவதற்கும் பொதுவானவை. ஒவ்வொரு வாக்காளரும் ஐவருக்கு வாக்களிக்கலாம். மிகுதியான வாக்குப் பெற்ற ஐவர் வெற்றி பெறுவர். இரண்டு பெரிய கட்சிகளும் ஐவர் கொண்ட பட்டியல்களை நிறுத்தின. மார்த்தா ஜனநாயகப் பட்டியலிலும், ஏங்கஸும் ‘உமன்ஸ் எக்ஸ்போனன்ட்’ ஆசிரியரும் வாக்குரிமை இயக்கத்தின் மூத்த தலைவியுமான எம்மலைன் வெல்ஸும் குடியரசுப் பட்டியலிலும் இடம்பெற்றனர்.

இவ்வமைப்பை நினைவில் கொண்டால் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் மோதினர் என்னும் கூற்றின் வலு குறைந்துவிடும். இருவருக்கும் வாக்களிக்க நினைத்த ஒருவர் தாராளமாக அப்படிச் செய்திருக்கலாம். கோட்பாட்டளவில் இருவருமே வென்றிருக்கவும் முடியும். ஆனால் நாளேடுகளுக்கு இந்த நுணுக்கம் வேண்டியிருக்கவில்லை. குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த ஏடுகள் ஏங்கஸுக்குப் பரிந்து எழுத, ஜனநாயகக் கட்சி சார்புள்ள ‘சால்ட் லேக் ஹெரால்ட்’ அவர்கள் இருவருள் மனைவியே மேலானவர், அவரை மேலவைக்கு அனுப்பிவிட்டுக் கணவரை வீட்டைக் கவனிக்கச் சொல்லலாம் என்று கேலியாக எழுதியது. இந்தக் கேலி மார்த்தாவுக்கு வாக்குச் சேர்த்திருக்கக்கூடும். அதே நேரத்தில், 16 ஆண்டுகள் பட்டம் பெற்ற மருத்துவராக விளங்கிய ஒருவரின் தகுதியை அது குடும்பக் கூத்தாகச் சுருக்கியும்விட்டது. எம்மலைன் வெல்ஸ் தோற்றதை ஏடுகள் பெரிதாக எண்ணவில்லை. பெண் வாக்குரிமைக்காகத் தம் பேனாவால் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர், அவ்வுரிமை வந்த பின் நடந்த தேர்தலில் கட்சிக் காற்றால் அடித்துச் செல்லப்பட்டார் என்பதே அத்தேர்தலின் மிகத் துயரமான பக்கம்.

கட்சிக் காற்று என்று சொல்வது வெறும் உருவகமன்று. 1896இல் நாட்டையே இரண்டாகப் பிளந்த கேள்வி வெள்ளியைப் பற்றியது. அமெரிக்காவின் பணம் தங்கத்தை மட்டுமே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றது குடியரசுக் கட்சி. வெள்ளியையும், 16 பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்ற விகிதத்தில், வரம்பின்றி நாணயமாக்க வேண்டும் என்றது வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் தலைமையில் ஜனநாயகக் கட்சி. வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த யூட்டாவுக்கு இது சோற்றுப் பிரச்சினை. குடியரசுக் கட்சி தங்கத்தின் பக்கம் நின்றபோது, யூட்டாவின் நாட்டு மேலவை உறுப்பினரும் ஏங்கஸின் அண்ணன் மகனுமான ஃபிராங்க் கேனன் கட்சி மாநாட்டிலிருந்தே வெளியேறினார். நவம்பர் தேர்தலில் யூட்டாவில் பிரையன் 80 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளைப் பெற்றார். அந்த வெள்ளத்தில் சால்ட் லேக் மாவட்டத்தின் ஐந்து மேலவை இடங்களையும் ஜனநாயகக் கட்சியே வென்றது. ஆகவே மார்த்தாவின் வெற்றிக்கு அவருடைய திறமை ஒரு காரணமென்றால், அவர் வெள்ளியின் பக்கம் நின்றதும் அதற்கு நிகரான காரணம். இப்படிச் சொல்வது அவர் பெருமையைக் குறைக்காது. தேர்தலை வென்றது கட்சியாயினும், வென்ற இடத்தை என்ன செய்வது என்னும் முடிவு அவருடையது.

பெண் வாக்குரிமையிலும் மணமுறையிலும் அவர் கொண்டிருந்த கருத்துகள் வேட்பாளர் காலத்திலேயே நாடெங்கும் பேசப்பட்டன. தேர்தலை ஒட்டி சான் ஃபிரான்சிஸ்கோ நாளேடு ஒன்றுக்கு அளித்த பேட்டியில், பல மனைவியருள் ஒருத்தியாக வாழும் பெண், கணவன் பிற வீடுகளில் இருக்கும் வாரங்களில் தனக்கென வேலையும் படிப்பும் வைத்துக்கொள்ளும் விடுதலை பெறுகிறாள் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். வீட்டைத் தவிர வேறெதையும் அறியாத பெண்ணே நல்ல இல்லத்தரசி என்னும் நம்பிக்கையையும் மறுத்தார். மணமுறை பற்றிய வாதம் இன்றைய வாசகருக்கு ஏற்புடையதாக இராது. இங்கிலாந்திலிருந்து அவர் எழுதிய கடிதங்களே அவ்விடுதலையின் விலை என்ன என்பதைக் காட்டுகின்றன. ஆனால் பெண்ணின் அறிவுக்கும் தொழிலுக்கும் வீட்டுக்கு வெளியே இடம் வேண்டும் என்னும் நிலைப்பாட்டில் அவர் கடைசிவரை ஊசலாடவில்லை. 1898இல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியபோது, யூட்டாவில் பெண்கள் வாக்களிப்பதாலும் பதவி வகிப்பதாலும் அஞ்சியபடி எந்தக் கேடும் விளையவில்லை என்று தம் மாநிலத்தின் நடைமுறையையே சான்றாக எடுத்துரைத்தார்.

மாநில மேலவை 18 உறுப்பினர்களைக் கொண்டது. தனிச் சட்டமன்றக் கட்டடம் அப்போது இல்லாததால் சால்ட் லேக் நகர, மாவட்ட அலுவலகக் கட்டடத்திலேயே கூடியது. கூட்டத்தொடர் இரண்டாண்டுக்கு ஒருமுறை, 60 நாள்களுக்கு மிகாமல் நடக்கும். அவ்வளவு குறுகிய காலத்தில் புதிய உறுப்பினர் ஒருவர் ஒரு மசோதாவைக் கொண்டுவருவதே பெரிது என்னும் நிலையில், 1897ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரின் தொடக்க வாரங்களிலேயே மார்த்தா மூன்று மசோதாக்களைக் கொண்டுவந்தார். மூன்றும் மருத்துவரின் கண்ணுக்குப் பட்டவை.

முதலாவது, காது கேளாத, பேச இயலாத, பார்வையற்ற குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வி அளிப்பது. இவர்களுக்கென மாநிலம் நடத்திய பள்ளி 1896இல்தான் ஆக்டன் நகருக்கு மாறியிருந்தது. பள்ளி இருந்தால் மட்டும் போதாது, பெற்றோர் குழந்தையை வீட்டுக்குள் வைத்திராமல் அனுப்பியாக வேண்டும் என்பதே சட்டத்தின் சாரம்.

இரண்டாவது, கடைகளில் வேலை செய்யும் பெண்களின், சிறுமிகளின் உடல்நலம் பற்றியது. காலை முதல் இரவுவரை நின்றே விற்பனை செய்த அவர்களுக்கு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார முதலாளி நாற்காலியோ முக்காலியோ வைத்தாக வேண்டும் என்று அது விதித்தது. சட்ட நூல்களில் இத்தகைய விதி சிறியதாகத் தோன்றும். ஆனால் நாள் முழுதும் நின்று வேலை செய்வோருக்குக் கால் வீக்கமும், நரம்பு புடைத்தலும், இடுப்பு வலியும் என்ன செய்யும் என்பதை மகப்பேற்று மருத்துவர் ஒருவர் அறிந்த அளவுக்கு அவையில் வேறு எவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. உட்காரும் உரிமை என்பது இன்றும் பல நாடுகளில் துணிக்கடை, நகைக்கடைப் பெண்கள் போராடிப் பெற வேண்டிய ஒன்றாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டத் திருத்தம் 2021இல்தான் வந்தது என்பதை எண்ணினால், 1897இல் மேலைப் பாலைநிலத்தின் ஒரு புதிய மாநிலம் அதை எழுதிவைத்ததன் அருமை விளங்கும்.

மூன்றாவது மசோதாவே அவருடைய வாழ்நாள் பணியின் மையம். மாநிலச் சுகாதார வாரியம் ஒன்றை அமைத்து, அதன் கடமைகளை வரையறுத்தது அது. சால்ட் லேக் சிட்டியின் தொடக்ககாலக் குடிநீர், மலையோடைகளிலிருந்து தெருவோரக் கால்வாய்கள் வழியாக வந்தது. அதே கால்வாய்களின் கரையில் கால்நடைகளும் நின்றன, கழிவும் சேர்ந்தது. குடற்காய்ச்சலும், குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் டிப்தீரியாவும் அடிக்கடி தலைகாட்டின. நோய் வந்த வீட்டை ஊர் ஒதுக்கிவைப்பது, அல்லது அந்தந்த நகராட்சி தன் மனம்போல் நடவடிக்கை எடுப்பது என்பதைத் தவிர மாநிலம் தழுவிய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. தொற்றுநோய் ஊர் எல்லையை மதிப்பதில்லை என்பதால், தகவலைத் திரட்டவும் விதிகளை வகுக்கவும் மாநிலம் முழுவதற்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்பது அவருடைய வாதம். சட்டம் நிறைவேறியது, ஆளுநர் ஹீபர் வெல்ஸ் அவரையும் வாரிய உறுப்பினராக நியமித்தார்.

வாரியத்தின் பாதை எளிதாக இருக்கவில்லை. 1900ஆம் ஆண்டை ஒட்டி யூட்டாவில் பெரியம்மை பரவியபோது, அம்மை குத்திக்கொள்ளாத குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாகாது என்று வாரியம் ஆணையிட்டது. அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்கு டெசரெட் நியூஸ் நாளேடே துணை நின்றது. 1901இல் சட்டமன்றம் கட்டாய அம்மைக்குத்தலைத் தடைசெய்யும் சட்டத்தை, ஆளுநரின் மறுப்பையும் மீறி நிறைவேற்றியது. நான்கே ஆண்டுகளுக்கு முன் வாரியத்தை உருவாக்கிய அதே அவை, அதன் கையில் இருந்த மிக வலிய கருவியைப் பிடுங்கிக்கொண்டது.

அதற்குள் மார்த்தா அவையிலிருந்து வெளியேறியிருந்தார். 1899ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரின்போது அவர் மூன்றாம் முறையாகக் கருவுற்றிருந்தார். ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. 1890இன் அறிக்கைக்குப் பின்னும் பலதார இல்லறம் தொடர்ந்ததற்கு அக்குழந்தையே கண்கூடான சான்றாயிற்று. ஏங்கஸ் கைது செய்யப்பட்டு 100 டாலர் தண்டம் செலுத்தினார்; மார்த்தாவின் அரசியல் வாழ்வு அத்தோடு முடிந்தது. தண்டம் கணவருக்கு, பதவியிழப்பு மனைவிக்கு என்று அந்நிகழ்ச்சி பங்கிட்ட விதம், அவர் வாழ்ந்த சட்டங்களின் இயல்பை எந்த விளக்கத்தையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது.

ஏங்கஸ் 1915இல் காலமானார். மார்த்தா பிற்காலத்தைப் பெரும்பாலும் கலிஃபோர்னியாவில், மருத்துவப் பணியிலும் பிள்ளைகளின் குடும்பங்களோடும் கழித்து, 1932 ஜூலை 10ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இறந்தார். அவர் விருப்பப்படி நாட்குறிப்புகள் எரிக்கப்பட்டன. சால்ட் லேக் சிட்டியில் மாநிலச் சுகாதாரத் துறையின் கட்டடம் ஒன்றுக்குப் பின்னாளில் அவர் பெயர் இடப்பட்டது. வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகள் வைத்துக்கொள்ளலாம் என்னும் ஏற்பாட்டின்படி, தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான ஃபைலோ ஃபார்ன்ஸ்வர்த்தின் சிலையை எடுத்துவிட்டு மார்த்தாவின் சிலையை வைக்க யூட்டா சட்டமன்றம் 2018இல் முடிவு செய்தது. 2024 டிசம்பரில் அச்சிலை அங்கே திறந்துவைக்கப்பட்டது.